ரதியை யார் ஆடுவது

காமன் கூத்தில் புருஷனைப் பறிகொடுத்து அழுகிறவள் ஒரு பெண். அந்த வேஷத்தைக் கட்டி ஆடுகிறவர் ஓர் ஆண். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம். இந்தக் கூத்தைப் பற்றி நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் வகுப்பறை.

நான் வசிக்கும் சிதறாலுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று நீளும் அந்தத் தோட்டங்களில் பால்வெட்டும் குடும்பங்கள் பல இலங்கையிலிருந்து வந்தவை. அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. ஊரார் வாயில் ‘சிலோன்காரங்க’. அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் சிலர் என்னிடம் தமிழ் படிக்க வருகிறார்கள்.

திரும்பியோர் என்ற சொல்லே சரியில்லை. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் அழைத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்த வேலை, அவர்கள் முன்னோர் ஒருபோதும் பார்த்திராத எங்கள் மாவட்டத்து ரப்பர் மரங்களில் இருந்தது.

போனபோதும் வந்தபோதும் மூட்டையில் கொஞ்சம்தான் ஏற்ற முடியும். மூட்டை கட்டத் தேவையில்லாதது பாட்டும் ஆட்டமும். மாசி மாதத்து வளர்பிறையில் தோட்டத்துப் பொட்டலில் காமன் ஊன்றுவார்கள். தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிப்பதும், ரதி புலம்பி மன்றாடி அவன் உயிரை மீட்பதும்தான் கதை. காலையில் ஆட்களை வேலைக்கு எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்த அதே தப்பு, இரவில் ரதி மன்மதனுக்காக ஒலிக்கும். துரைக்காக அடித்த பறை தங்களுக்காக அடிக்கப்படும் இரவுகள் அவை. லயத்து வாழ்க்கையில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த ‘தங்களுக்குள்’ பெண்கள் எங்கே இருந்தார்கள்? கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கூலியைக் கணவனோ தகப்பனோ போய் வாங்குவது நெடுங்கால வழக்கம். கூத்திலும் அதேதான் நடந்தது. கூட்டம் சேர்ந்தால் சமையல் பெண்களுடையது. விரதம் இருப்பவருக்குத் தனிப் பாத்திரம் கழுவி வைப்பது பெண்களுடையது. வேஷம் மட்டும் ஆண்களுடையது. விரதம், தீட்டு, தோட்டத்து மானம் என்று காரணங்கள் தயாராக இருந்தன.

இதைவிட என்னை உறுத்துவது ரதியின் புலம்பல். எங்கள் துறையில் அதை நாட்டார் இலக்கியம் என்போம். அது ஒப்பாரியின் சாயல் கொண்டது. ஒப்பாரி சாவு வீட்டில் பெண்கள் கட்டிய பாட்டு. சொல்லும் இழுப்பும் அவர்கள் உண்டாக்கியவை. ஒப்பந்தத்தின்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தார்கள். ஒரு வீட்டில் அக்காளுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று காகிதம் வந்திருக்கும். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் யாரும் வேஷம் கட்டவில்லை. அந்த அழுகைக்கு வாத்தியாரும் இல்லை, மேடையும் இல்லை.

புலம்பெயர்ந்த எல்லாச் சமூகங்களும் பெண்ணை மேடையிலிருந்து விலக்கி வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1891 முதல் உக்ரைனிய விவசாயிகள் கனடாவுக்குக் குடியேறினார்கள். 1925இல் அங்கே வந்த வசீல் அவ்ரமென்கோ என்ற ஆட்ட ஆசிரியர், ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கிராமத்து நடனங்களைக் கற்றுக்கொடுத்தார். எட்மண்டன் நகரின் ஷும்கா குழு 1959இல் தொடங்கி இன்றும் ஆடுகிறது. அவர்களுடைய புகழ்பெற்ற ஆட்டம் கொபக். ஆண்கள் குந்தியபடி கால் வீசி, அந்தரத்தில் தாவிக் காட்டுவார்கள். பெண்கள் தலையில் பூவளையமும் நாடாவுமாகச் சிரித்த முகத்தோடு சுழன்று வருவார்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் ஈழத்தமிழ் வீடுகளில் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் கல்யாணம் போல நடக்கிறது. அங்கே மகள் மேடை ஏறியே ஆக வேண்டும். விட்டுவந்த ஊரை அவள்தான் உடுத்திக் காட்ட வேண்டும். தோட்டத்தில் அவள் மேடை ஏறவே கூடாது. இரண்டு இடத்திலும் முடிவெடுத்தது அவள் இல்லை. ஊரை இழந்த பயத்தைச் சமூகம் பெண் உடம்பின்மேல் இறக்கி வைக்கிறது. சில இடங்களில் அலங்கரிக்கிறது, சில இடங்களில் ஒளித்து வைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ரப்பர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு மாணவி, கல்லூரி விழாவில் ரதி ஆடுகிறேன் என்றாள். அவள் குடும்பம் இங்கே வந்தபின் காமன் ஊன்றவில்லை. ஆனால் பாட்டு வீட்டில் இருந்தது. அவளுடைய பெரியப்பாவின் அப்பா அந்தக் காலத்தில் பெயர்பெற்ற ரதி. பெரியப்பா கேள்விப்பட்டதும், “அது பொம்பள கட்டுற வேஷமில்ல, சாமி குத்தம்” என்றார். அவளுக்குப் பீஸ் கட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆகவே அது வெறும் கருத்து வேறுபாடு இல்லை.

நான் குடியிருப்புக்குப் போனபோது அவளுடைய பாட்டி சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“டீச்சரம்மா, எங்க ஆத்தா தலையில கயித்தப் போட்டு முதுகுல கூடையத் தொங்கவிட்டுக்கிட்டு பகல் பூராவும் மலையில நிப்பா. ராத்திரி பார்த்தா எங்க வீட்டு மாமனாரு என் கூரச்சேலையக் கட்டிக்கிட்டு ரதியா நிப்பாரு. ஊரே அழுவும். அந்தப் பாட்டுல பாதி எங்க ஆத்தா எழவு வீட்டுல பாடுனது. காதுல வாங்கிட்டுப் போயி அங்க பாடுவாரு. நல்லாத்தான் பாடுவாரு, இல்லேங்கல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆண் ரதிகள் போலிகள் என்று சொல்லி இந்தக் கணக்கை முடித்துவிட முடியாது. நாள்கூலி வாழ்க்கையில் சேலை கட்டி, வளையல் போட்டு, ஊர் முன்னால் ஓர் ஆண் வாய்விட்டு அழ அனுமதி தந்த இடமும் அதுதான். என் கேள்வி அவர்கள் ஆடியது ஏன் என்பதல்ல. பாட்டைக் கொடுத்தவள் பெயர் எங்கே என்பதுதான்.

பெயர் நிற்க முடியாதது அல்ல. எங்கள் சிதறால் மலைக்குப் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. 9ஆம் நூற்றாண்டில் ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி இக்கோயிலுக்குப் பொன்னணி கொடுத்ததைப் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. குரத்தி என்றால் ஆசிரியை. அவள் பெயர் கல்லில் இருப்பதால் இன்று வகுப்பில் சொல்கிறேன். மலையகத்திலேயே கோ. நடேசய்யரோடு தொழிற்சங்க வேலை செய்த மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடித் தோட்டத் தொழிலாளரைத் திரட்டினார். அவர் பாடல்கள் அச்சேறியதால் அவர் பெயர் நமக்குத் தெரியும். எழுதினால் நிற்கும்; எழுதாவிட்டால் ‘மக்கள் பாடல்’ என்று ஆகிவிடும்.

மாணவி ஆடினாள். பீஸை அடுத்த பருவத்திலிருந்து டியூஷன் எடுத்துக் கட்டினாள். பெரியப்பா விழாவுக்கு வரவில்லை, இன்றுவரை அவளோடு பேசுவதும் இல்லை. நிகழ்ச்சி நிரலில் தன் பெயருக்குக் கீழே ‘ஒப்பாரி சொல்லித்தந்தவர்’ என்று பாட்டியின் பெயரைப் போடச் சொன்னாள். போட்டோம். அச்சிட்ட தாளை வீட்டில் கொண்டுபோய்க் காட்டியபோது பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “எங்க ஆத்தா பேரு எங்கடி?”