ஊர்ப் பெயர் போட்ட பனியன்

காலை ஏலம் முடிந்து, ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் அறந்தாங்கிப் பக்கமும் பேராவூரணிப் பக்கமும் போய்விட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புதிதாக ஒரு பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி.’ முதல் பரிசிலிருந்து நான்காம் பரிசு வரை தருகிறவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பாதிப் பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறவர்கள். லீவில் வந்திருக்கும் அக்கா மகன் நின்று படித்தான். டெக்சாஸில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறான்.

“இந்த டீமுக்கெல்லாம் ஓனர் யாரு மாமா?”

“ஓனரா? ஊருதான்டா.”

அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு வாரமாக இந்த நோட்டில் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

அமெரிக்காவில் பெரிய லீக்கில் ஆட்டத்தில் ஜெயித்து நுழைய முடியாது, இடத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். கூடைப்பந்தில் 30 அணிகள். அவர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்லும் ஆட்டத்தில் 32. கடைசி இடத்துக்கு வந்தாலும் அடுத்த வருடம் அதே நாற்காலிதான். முதலாளிக்கு வேறு ஊரில் நல்ல அரங்கம் கிடைத்தால், லீக்கின் சம்மதத்தோடு அணியையே பெயர்த்துக்கொண்டு போகலாம். சியாட்டில் நகரத்தில் சூப்பர்சானிக்ஸ் என்ற கூடைப்பந்து அணி 41 பருவம் ஆடியது. 2008இல் ஓக்லஹோமா சிட்டிக்குக் குடிபோய் ‘தண்டர்’ என்று பெயர் மாறியது. 2025இல் அந்த அணி கோப்பை வென்றபோது கொண்டாட்டம் ஓக்லஹோமாவில்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் 2016இல் தொடங்கியபோது ‘காரைக்குடி காளை’ என்று ஒரு அணி இருந்தது. அறந்தாங்கி தாண்டினால் காரைக்குடி; நம்ம பக்கத்துப் பெயர் டிவியில் வருகிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான்கு பருவம் ஆடியது. பிறகு அதே அணி ‘திருப்பூர் தமிழன்ஸ்’ ஆனது. அதுவும் 2025இல்தான் கோப்பை வென்றது. காளை என்ற பெயரில் ஆடிய காலத்தில் ஆட்டங்கள் சென்னை, திருநெல்வேலி, நத்தம் என்று நடந்தன; காரைக்குடியில் ஒரு ஆட்டம்கூட இல்லை. கட்டியிருந்த கயிறு பெயர் ஒன்றுதான். அவிழ்க்கவும் சிரமமில்லாமல் போயிற்று.

*

லண்டனில் விம்பிள்டன் என்ற கால்பந்து அணியை நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் உள்ள மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அதே கோடையில் விம்பிள்டன் பொதுத் திடலில் ஆள் தேர்வு வைத்து, ‘ஏஎஃப்சி விம்பிள்டன்’ என்று சொந்தமாக ஒரு அணியைத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் படியிலிருந்து ஆட்டம். 2011இல் நான்காம் படிக்கு ஏறி மறுபடி தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். 2020இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பினார்கள்.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

*

அவர்களால் ஏற முடிந்ததற்குக் காரணம், ஏணி இருந்தது. ஐரோப்பாவில் மேல் படியில் கடைசியாக வருகிறவன் இறங்குகிறான், கீழ்ப் படியில் முதலாவதாக வருகிறவன் ஏறுகிறான். இங்கிலாந்தின் லூட்டன் டவுன் 2014 வரை ஐந்தாம் படியில் கிடந்த அணி. 2023இல் பிரீமியர் லீகில் ஆடியது. 2025க்குள் இரண்டு படி இறங்கி மூன்றாம் படிக்கு வந்துவிட்டது. அங்கேயும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் 2017இல் சேர்ந்தது. முதல் இரண்டு பருவமும் தன் பிரிவில் கடைசி. 2019இல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. ஐரோப்பிய முறையில் என்றால் எப்போதோ இறக்கியிருப்பார்கள். இங்கே இறக்கம் கிடையாது. பொறுத்துப் பார்த்தார்கள், 2022இல் அரையிறுதி வரை வந்தது. நல்லதுதான். ஆனால் தலைவாஸ் இறங்காவிட்டால் கீழே இருக்கும் எந்த அணியும் ஏற முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராம அணி ஒன்று பத்து வருடம் தொடர்ந்து ஜெயித்தாலும் அந்த மேடைக்கு அணியாகப் போக வழியே இல்லை. நல்லா ரெய்டு போகிற பையன் ஒருவன் தனி ஆளாக ஏலத்தில் போகலாம். ஊர் இங்கேயே நின்றுவிடும்.

ஏணி நமக்குப் புதிதும் இல்லை. சென்னையில் கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீகில் டிவிஷன்கள் உண்டு, ஏற்றம் இறக்கம் உண்டு. எத்தனையோ காலமாக நடக்கிறது.

*

அமெரிக்க முறையைக் குறை சொல்லியே எழுதினால் நியாயமில்லை.

அங்கே புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும்போது முன்வரிசை தோற்ற அணிகளுக்குத்தான். கூடைப்பந்தில் கடைசியில் கிடக்கும் அணிகளுக்குக் குலுக்கலில் அதிக வாய்ப்பு. பிரான்ஸிலிருந்து வந்த விக்டர் வெம்பன்யாமா என்ற நெட்டைப் பையன், ஏழடிக்கு மேல், 2023இல் எல்லாரும் ஆசைப்பட்ட ஆள். போனது, அந்த வருடம் அடிமட்டத்தில் கிடந்த சான் அன்டோனியோ அணிக்கு. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பையனைப் பணக்கார கிளப் கொத்திக்கொண்டு போயிருக்கும். ஜெர்மனியில் பேயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 தடவை லீக் வென்றது. ஏணி இருந்தும் உச்சிப் படியில் ஒருவரே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

இன்னொன்று படிப்பு. அமெரிக்காவில் விளையாட்டு பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் வளர்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கை. கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு! ஐரோப்பாவில் கிளப் அகாடமி எட்டு, ஒன்பது வயதிலேயே பையனை எடுத்துக்கொள்ளும்; பள்ளிக்கு அதில் பெரிய பங்கில்லை. நம் பிள்ளைகள் குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று பள்ளி வழியாகத்தான் போகிறார்கள். சான்றிதழை வைத்துக்கொண்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்கிறார்கள். அந்த அளவில் நாம் அமெரிக்கா பக்கம். ஒரு கபடிச் சான்றிதழ் ஒரு வீட்டின் தலையெழுத்தை மாற்றியதை இந்தக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன்.

*

டிரா. அமெரிக்கர்களுக்கு ஆகாது. 1996இல் தொடங்கிய அவர்களுடைய கால்பந்து லீகில், சமநிலையில் முடிந்தால் 35 கஜ தூரத்திலிருந்து பந்தை ஓட்டிக்கொண்டு போய் கோல்கீப்பரோடு ஒத்தைக்கு ஒத்தை மோத வைத்தார்கள். 1999 பருவத்தோடு விட்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் பெரிய அணியோடு அதன் ஊரிலேயே சமன் செய்துவிட்டு வந்தால் சின்ன அணிக்கு அது திருவிழா.

அமெரிக்காவில் உள்ளூர் ஆட்டம் என்றாலும் முதலில் தேசிய கீதம். ஐரோப்பாவில் கிளப் ஆட்டத்துக்கு அந்த வழக்கம் பொதுவாகக் கிடையாது.

*

பள்ளி மைதானத்தில் மாலையில் வாலிபால் வலை கட்டுகிறார்கள். 1895இல் மாசசூசெட்ஸில் ஒய்எம்சிஏக்காரர் வில்லியம் மார்கன் கண்டுபிடித்த ஆட்டம். கூடைப்பந்தும் அதே மாநிலத்தில், 1891இல், இன்னொரு ஒய்எம்சிஏ ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் உண்டாக்கியது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்த உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த ஆட்டங்களைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தார்கள். கால்பந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அதிராம்பட்டினம் பக்கம் போனால் இன்றும் கால்பந்துத் தொடர் என்றால் ஊரே கூடும். ஆக, இரண்டு கண்டமும் நம் மணலில் எப்போதோ வந்து இறங்கிவிட்டன. கபடி மட்டும் முன்பே இருந்தது.

*

இதை எழுதக் கை தயங்குகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஊர் அபிமானம் ஐரோப்பாவில் உயிரையும் குடித்திருக்கிறது. 1985இல் பிரஸ்ஸல்ஸ் ஹெய்ஸல் அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள் மேல் பாய, சுவர் இடிந்து 39 பேர் செத்தார்கள். இன்றும் அங்கே வெளியூர் ரசிகர்களுக்குத் தனி அடைப்பு, போலீஸ் காவல். அமெரிக்காவில் இரண்டு அணியின் ரசிகர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று அக்கா மகன் சொன்னான். நம் கபடிக் களத்தில் ஒரு தப்பான விசில் போதும், இரண்டு ஊர் கைகலக்க. அதற்குப் பின்னால் பல சமயம் ஊரைவிடச் சாதிதான் நிற்கிறது. ‘ஊர் அணி’ என்று சொல்லிவிட்டு ஒரு தெருவின் பிள்ளைகளை மட்டும் இறக்கினால் அது ஊர் அணியே இல்லை.

பெண்பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921இல் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டு, ஏறக்குறைய ஐம்பது வருடம் வைத்திருந்தது. அமெரிக்கா 1972இல், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று சட்டம் போட்டது. பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை அவர்கள் நான்கு முறை வென்றதற்கு வேர் அங்கே இருக்கிறது. 2025 ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நம் பிளக்ஸில் பெண்கள் போட்டி என்று ஒரு வரிகூட இல்லை.

*

ஏப்ரல் 2018. காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் ஒரு தனி ரயில் நிறைய ஏறிப் பின்னாலேயே போனார்கள். ஏலத்தில் வாங்கிய அணி, கம்பெனி அணி. ஆனாலும் தன் ஊர் அணி என்று ஜனம் நம்பியது. ஐரோப்பாவிலும் ஜனம் விட்டுக்கொடுக்கவில்லை. ஏப்ரல் 2021இல் அங்கே 12 பணக்கார கிளப்புகள் தங்களுக்கு இறக்கமே இல்லாத தனி லீக் ஒன்றை அறிவித்தன. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு, ரசிகர்கள் தெருவுக்கு வர, செவ்வாய் இரவுக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கிவிட்டன.

அமெரிக்காவிலும் விதிவிலக்காக ஒரு கிரீன் பே இருக்கிறது. புதுக்கோட்டை அளவு மக்கள் உள்ள நகரம். அதன் பேக்கர்ஸ் ‘ஃபுட்பால்’ அணி பொது ஜனத்தின் பங்குகளில் நிற்கிறது. அதை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

*

அக்கா மகன் டெக்சாஸுக்குக் கிளம்பிவிட்டான். போகும்போது மின்னொளிப் போட்டிக்குத் தன் பங்காக ஒரு பரிசுக்குப் பணம் கொடுத்தான்.

ஊர்க் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு ராத்திரிப் போட்டியோடு நிறுத்த வேண்டாம். மணமேல்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், இந்த மூன்று வட்டங்களிலும் இருக்கிற ஊர் அணிகளை இரண்டு படியாகப் பிரித்து வருடம் முழுக்க ஆட விடுங்கள். கடைசி இரண்டு அணி இறங்கட்டும், முதல் இரண்டு அணி ஏறட்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிற அணியை மட்டும் சேருங்கள். பெண்பிள்ளைகளுக்கும் அதே ஏணியை வையுங்கள். அடுத்த பிளக்ஸ் கட்டுவதற்குள் ஒரு நாள் கூடிப் பேசுங்கள், நானும் வருகிறேன்.