படிக்காமல் சொன்ன தீர்ப்பு

சு. வெங்கடேசனின் முதல் நாவல் 'காவல் கோட்டம்' 2008இல் வந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். மாலிக் கபூர் படையெடுப்பு தொடங்கி ஆங்கிலேயர் காலம் வரை, 600 ஆண்டு மதுரை. எழுதியவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மதுரையைப் பற்றி நாவல் எழுதப்போவதாக நானும் வெகுகாலமாகச் சொல்லித் திரிந்தேன். ஒரு அத்தியாயமும் எழுதவில்லை. என்னைவிட இளையவர் பத்தாண்டு உழைத்து முடித்துவிட்டார். எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

நான் கல்லூரித் தமிழாசிரியர். உசிலம்பட்டிப் பக்கத்து மாணவன் ஒருவன் அந்த நாவலை எம்.ஃபில். ஆய்வுக்குக் கேட்டு வந்தான்.

"எங்க தாத்தா ரேகை வச்சவருங்கய்யா. ராத்திரியானா டேசன்ல போய்ப் படுக்கணுமாம். அவர்கிட்டயும் கேட்டு எழுதலாம்னு இருக்கேன்."

"அது நாவலே இல்லப்பா. வெறும் தகவல் மூட்டை. வேற தலைப்பு பாரு" என்றேன்.

அப்போது நான் அந்த நாவலில் தொடக்கப் பக்கங்களைத் தாண்டியிருக்கவில்லை. முழுதும் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவன் நம்பினான். நம்பட்டும் என்று விட்டேன். அவன் தலைப்பை மாற்றிக்கொண்டான்.

2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்த பிறகே முழுதாகப் படித்தேன். கள்ளர்களின் காவல் உரிமையை ஆங்கிலேய போலீஸ் பறிப்பதை அது சொல்கிறது. அதன் பிறகு வந்ததுதான் கள்ளர்களைப் பிறவிக் குற்றவாளிகளாக்கிக் கைரேகை பதியவைத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கவைத்த ரேகைச் சட்டம் எனும் குற்றப் பரம்பரைச் சட்டக் கொடுமை. 1920இல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. நாவல் முடிந்த இடத்திலிருந்து அந்தத் தாத்தாவின் பேச்சு தொடங்கியிருக்கும்.

மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தாத்தா இறந்துவிட்டிருந்தார். எதையும் எழுதி வைக்கவில்லை. பதிவும் செய்யவில்லை. "நீங்க வேணாம்னு சொன்னதால விட்டுட்டேங்கய்யா" என்றான். குற்றம் சாட்டும் குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான்.

என் பேச்சால் அந்த நாவலுக்கு எந்தக் குறையும் வரவில்லை. நட்டம் அவனுக்கு. அவன் வீட்டுக்கு. அந்தக் காலத்தைத் தன் உடம்பில் சுமந்த ஒருவரின் சொல்லை இனி யாராலும் கேட்க முடியாது.

அன்று அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அதிலும் பொய் இருந்தது. "அப்ப எனக்கு அந்த நாவல் சரியாப் பிடிபடலப்பா" என்றேன். படிக்கவே இல்லை என்று சொல்லத் துணியவில்லை. இங்கே சொல்கிறேன்: படிக்கவில்லை. பொறாமையால் சொன்னேன். அவனும் இதைப் படிக்கட்டும்.