ராஜகுமாரியும் அத்தையும்

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்கு மேல் பக்கிங்ஹாம் அரண்மனை திறந்துவிடும். சாப்பாட்டுக் கடை முடிந்து, அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு என் மனைவி வந்து உட்கார்ந்ததும் 'தி கிரௌன்' தொடரைப் போடுவாள். ஊரெல்லாம் பார்த்து, பேசி, மறந்தும் போன பிறகு நாங்கள் ஆரம்பித்தோம். 2016-ல் தொடங்கி 2023 டிசம்பரில் முடிந்துபோன தொடர் அது. ஆறு பருவங்கள், அறுபது பகுதிகள். எலிஸபெத் மகாராணியின் கதை என்று பெயர். ஆனால் எங்கள் வீட்டில் மகாராணியை யாரும் லட்சியம் செய்யவில்லை. எல்லோருக்கும் வேண்டியது அவள் தங்கை மார்கரெட்தான்.

'எல்லோருக்கும்' என்றால் எனக்கும் என் மனைவிக்கும், இன்னொருவருக்கும். அந்த இன்னொருவர் என் அத்தை, அப்பாவின் அக்காள். மூட்டு வலி வைத்தியத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இரண்டு மாதம் தங்கியிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள். திரையின் அடியில் ஓடுகிற ஆங்கில வரிகளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்துவிடுவாள். பேச்சு மட்டும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளாதவள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வரும்.

மார்கரெட்டின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்தது 1930 ஆகஸ்டில். அக்காளுக்கு நாலு வயது இளையவள். அக்காளுக்குப் பொறுப்பு, தங்கைக்குச் செல்லம் என்று தகப்பனார் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பங்கு பிரித்து வளர்த்ததாகச் சொல்லுவார்கள். 1952 பிப்ரவரியில் மன்னர் இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்று. அக்காள் சிம்மாசனத்தில் ஏறினாள். தங்கைக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. அந்த வெறுமையில் அவளுக்குத் துணையாக இருந்தவர் பீட்டர் டவுன்செண்ட். இரண்டாம் உலக யுத்தத்தில் சண்டை விமானம் ஓட்டிப் பெயர் வாங்கியவர். மன்னரின் பக்கத்திலேயே இருந்து பணி செய்த அதிகாரி. அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். பிறந்த ஊர், நம் செட்டியார்கள் கடை வைத்திருந்த அதே ரங்கூன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனார். 1952 கடைசியில் விவாகரத்து வாங்கினார். தவறு மனைவியுடையது என்றுதான் நீதிமன்றம் சொல்லிற்று. ஆனாலும் கறை அவர்மேல்தான் படிந்தது. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது மறுமணம் செய்துவைக்க இங்கிலாந்துத் திருச்சபை சம்மதிக்காது. அந்தத் திருச்சபைக்குத் தலைவி யார்? அக்காள்!

1953 ஜூன் 2-ஆம் தேதி முடிசூட்டு விழா. வாசலில் நிற்கும்போது டவுன்செண்டின் உடுப்பில் ஒட்டியிருந்த ஒரு நூல் தும்பை மார்கரெட் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். அந்தக் கைக்கு என்ன உரிமை என்று பத்திரிகைக்காரர்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள். சில வாரங்களுக்குள் டவுன்செண்டைப் பிரஸ்ஸல்ஸ் தூதரகத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1772-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அரச குடும்பத்தார் ஆள்பவரின் அனுமதி இல்லாமல் மணம் செய்துகொள்ளக் கூடாது. இருபத்தைந்து வயது ஆகிவிட்டால் முன்கூட்டி அறிவித்து, ஒரு வருஷம் காத்திருந்து, பார்லிமெண்டு மறுக்காவிட்டால் செய்துகொள்ளலாம். ஆக, இரண்டு வருஷம் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தாள். 1955 ஆகஸ்டில் இருபத்தைந்து வயது நிரம்பியது. அக்டோபர் 31-ஆம் தேதி ஓர் அறிக்கை வந்தது: டவுன்செண்டை மணப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டதாக.

இதைத் தொடரின் முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில் காட்டுகிறார்கள். ஆரம்பத்திலேயே 1936-க்குப் போகிறது படம். பெரியப்பா எட்டாம் எட்வர்ட் ஒரு பெண்ணுக்காகப் பட்டத்தைத் துறந்த சமயம். புதிதாக மன்னராகப் போகிற தகப்பனார் இரண்டு சிறுமிகளையும் உட்கார்த்தி, ஒருவரை ஒருவர் கைவிடுவதில்லை என்று வாக்கு வாங்குகிறார். அந்த வாக்கை வைத்துக்கொண்டே கடைசியில் கழுத்தை நெரிக்கிறார் கதாசிரியர் பீட்டர் மார்கன். அக்காள் தங்கையைக் கூப்பிட்டு, அவனைக் கட்டிக்கொண்டால் நீ இந்தக் குடும்பத்தில் இல்லை என்கிறாள். தங்கையாக வனெஸ்ஸா கிர்பி நிற்கிற நிலை இருக்கிறதே, கல்லும் கரைந்துவிடும்.

என் மனைவி பொங்கிவிட்டாள். "என்னங்க இவ, ஒரு அக்காவா? கூடப் பிறந்தவளுக்கு இப்படிப் பண்ண மனசு வருமா?" என்று டெலிவிஷனைப் பார்த்துக் கேட்டாள். நானும் தலையை ஆட்டினேன்.

அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்டா, நிஜமாவே அந்த அக்கா அப்படித்தான் சொன்னாளா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை அத்தை என்னிடம் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

2005-ல் நான் எழுதிய ஒரு சிறுகதை எனக்குக் கொஞ்சம் பெயர் வாங்கித் தந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மாள், வேறு சாதிக்காரரான சக ஆசிரியர்மேல் ஆசை வைக்கிறாள். தகப்பனார் கதவைச் சாத்திக்கொண்டு உத்தரத்தைப் பார்க்கிறார். "நீ வாசல்படி தாண்டினால் இந்த உத்தரத்தில் என்னைப் பார்ப்பாய்" என்கிறார். அவள் தாண்டவில்லை. கன்னியாகவே நரைக்கிறாள். படித்தவர்கள் கண்ணீர் விட்டதாகக் கடிதம் எழுதினார்கள். அந்த வாத்தியாரம்மாள் என் அத்தை. அந்தத் தகப்பனார் என் தாத்தா என்பதை என் வீட்டாரிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பத்திரிகை வந்த மறு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கதை நல்லா இருக்குடா. ஆனா அப்பா அப்படிச் சொன்னார்னு உனக்கு யார் சொன்னது?" என்றாள். நான் விழித்தேன். யாரும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் அது எல்லோருக்கும் 'தெரிந்த' சமாசாரம்.

"அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'உனக்கு வயசு இருபத்தாறு ஆச்சு. நான் நின்னு நடத்தி வைக்க மாட்டேன். ஆனா கதவைச் சாத்தவும் மாட்டேன். போறதுன்னா போ'ன்னார். பெட்டியெல்லாம் கட்டிட்டேன். மறுநாள் காலைல நானேதான் பிரிச்சேன்."

"ஏன் அத்தை?"

"பயம்னு சொல்லலாம். உங்கப்பன் அப்போ படிச்சிட்டிருந்தான்னு சொல்லலாம். அந்த மனுஷன் மேலேயே கடைசி நேரத்திலே சந்தேகம் வந்துதோ என்னமோ. ஆனா ஊரிலே எல்லாரும் 'பாவம், அப்பன் கெடுத்தான்'ன்னு பேசினாங்க. நான் மறுக்கலை. அப்பாவும் மறுக்கலை. எனக்கு அது சௌகரியமா இருந்தது. அவர் போற வரைக்கும் அந்தப் பழியைத் தூக்கிட்டுத்தான் போனார். இப்போ நீ அதை அச்சிலேயும் போட்டுட்டே."

கோபமாகச் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்தபடியே சொன்னாள். நான் என்ன பதில் சொல்ல முடியும்? 'கதைக்காக' என்றேன். எழுத்தாளர்களுக்கு எப்போதும் கைவசம் இருக்கிற பதில் அது.

அந்தத் திண்ணை நினைவோடுதான் இப்போது மார்கரெட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசிக்க வாசிக்க உடம்பு கூசிற்று. 1955-ஆம் வருஷத்து அரசாங்கக் காகிதங்கள் 2004-ல் லண்டன் ஆவணக் காப்பகத்தில் பகிரங்கமாயின. அவற்றில் வேறு கதை இருக்கிறது. பிரதம மந்திரி ஆண்டனி ஈடனும் மகாராணியும் சேர்ந்து ஓர் ஏற்பாடு தயாரித்திருந்தார்கள். ஈடனே விவாகரத்து ஆகி மறுமணம் செய்துகொண்டவர். அந்த ஏற்பாட்டின்படி மார்கரெட் டவுன்செண்டை மணக்கலாம். பட்டத்துக்கு வரும் வரிசையிலிருந்து மட்டும் அவளும் அவள் சந்ததியும் விலகிக்கொள்ள வேண்டும். இளவரசிப் பட்டம் நிற்கும். மானியம் நிற்கும். தேசத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. அதற்கு முன்பே, 1955 ஆகஸ்டில், மார்கரெட் ஈடனுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் பிற்பாடு வெளிவந்தது. அக்டோபரில் அவரை நேரில் பார்த்த பிறகுதான் மணப்பதா வேண்டாமா என்று தன்னால் தீர்மானிக்க முடியும் என்ற பொருளில் எழுதியிருக்கிறாள். சிறைப்பட்டவள் எழுதுகிற கடிதமாகவா இருக்கிறது அது? யோசிக்கிறவள் எழுதுகிற கடிதம்.

கதவு திறந்திருந்தது என்பதால் பாதை சுலபம் என்று ஆகிவிடாது. இரண்டு வருஷம் பிரித்து வைத்தார்கள். திருச்சபை முறைத்தது. 'டைம்ஸ்' பத்திரிகை எதிர்த்துத் தலையங்கம் எழுதிற்று. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது சாமான்யமான பாரமல்ல. ஆனால் 'அக்காள் தடுத்தாள், தங்கை அழுதாள்' என்பது அல்ல நடந்தது. எத்தனையோ கைகள் சேர்ந்து அழுத்தின. ஆனாலும் கடைசி முடிச்சைப் போட்டது அவள் கை.

தொடரில் மூன்று நடிகைகள் மாறி மாறி மார்கரெட் ஆகிறார்கள். கிர்பிக்குப் பிறகு ஹெலனா பான்ஹம் கார்ட்டர், அப்புறம் லெஸ்லி மான்வில். மூவரும் அந்த ஒரே காயத்தைச் சுமக்கிறார்கள். நீள் குழலில் சிகரெட், கையில் விஸ்கி, யாரையும் எடுத்தெறிந்து பேசுகிற வாய், எல்லாவற்றுக்கும் காரணம் அக்காள் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்று ஆகிவிடுகிறது. நிஜ வாழ்க்கை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. 1960-ல் அவள் புகைப்படக்காரர் ஆண்டனி ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸை மணந்தாள். டெலிவிஷனில் காட்டப்பட்ட முதல் அரச கல்யாணம் அதுதான். கிறிஸ்தவத் திருமணம் பிரிக்க முடியாதது என்பதை ஒரு காரணமாகக் காட்டி டவுன்செண்டை விட்டவள், 1978-ல் தானே விவாகரத்து வாங்கினாள். அக்காளின் நான்கு குழந்தைகளில் மூவருக்கு அதே கதி ஆயிற்று. மார்கரெட் 2002 பிப்ரவரியில் இறந்தாள். அதே வருஷம்தான் திருச்சபை, விவாகரத்தானவர்களுக்குச் சில சந்தர்ப்பங்களில் மறுமணம் செய்துவைக்கலாம் என்று இறங்கி வந்தது. 1772-ஆம் வருஷத்துச் சட்டத்தையும் 2013-ல் வேறு சட்டம் கொண்டுவந்து ரத்து செய்துவிட்டார்கள். இப்போது வாரிசு வரிசையில் முதல் ஆறு பேருக்குத்தான் அனுமதி வேண்டும்.

'இது கற்பனை கலந்த நாடகம்' என்று தொடரின் தலையில் அறிவிப்புப் போட வேண்டும் என்று நடிகை ஜூடி டென்ச் 2022-ல் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கற்பனை என்று குழந்தைக்குக்கூடத் தெரியாதா என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பீட்டர் மார்கன் செய்ததும் நான் செய்ததும் ஒன்றேதான். சாத்திய கதவின் முன் நிற்கும் பெண்ணை எழுதுவது சுலபம். வாசகர் உடனே அழுதுவிடுவார். திறந்த கதவின் முன் நின்று, பெட்டியைத் திரும்பப் பிரிக்கிற பெண்ணை எழுதத்தான் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு இல்லாதபோது நாம் ஒரு வில்லனைத் தேடுகிறோம். பெரும்பாலும் பதில் பேசாதவராகப் பார்த்துப் பிடிக்கிறோம். மகாராணி பேட்டி கொடுக்கிற வழக்கம் இல்லாதவராக இருந்தார். என் தாத்தா செத்துப்போனவர்.

இன்னொன்றும் தோன்றிற்று. அவளைத் தூக்கி நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு, அவளுடையதாக இருந்த ஒரே விஷயத்தை, அந்தத் தீர்மானத்தை, நாங்கள் பிடுங்கிக்கொண்டுவிட்டோம். அது சரியோ தப்போ, அவளுடையது.

இரண்டு நாள் கழித்து இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். காகிதங்கள் வெளிவந்தது, பட்டமும் மானியமும் நிற்கும் என்று இருந்தது, ஆகஸ்டுக் கடிதம், எல்லாம். அத்தை வாத்தியாரம்மாளுக்கே உரிய கவனத்தோடு கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. மார்கரெட்டுக்காக ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ அந்த அக்காதான் பாவம்டா" என்றாள்.

என்னுடைய அந்தச் சிறுகதைத் தொகுதிக்கு மறுபதிப்பு வரப்போகிறது. அச்சுப்படி மேஜைமேல் கிடக்கிறது. உத்தரத்தைப் பார்க்கிற அந்த வரியை அடித்துவிட்டால் கதையே விழுந்துவிடும். அடிக்காவிட்டால் தாத்தா இன்னொரு தடவை விழுவார். நேற்று இரவு சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஒரு வரியோடு நிற்காமல், கதை முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டேன். தொகுதி பத்துப் பக்கம் இளைத்துப் போகும். பதிப்பாளர் காரணம் கேட்பார். 'அதில் ஒரு சமாசாரம் தப்பாக இருக்கிறது' என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.