குளிருதா, சுடுதா?

மார்கழி வந்தால் ஸ்காபரோவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இருமல் சத்தம்தான். தடிமன் எண்டவுடன் எங்கட சனம் செய்யிறது ரெண்டு விசயம். ஒன்று, டைலனோல் ரெண்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவது. மற்றது, மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்துவிட்டு இழுத்துப் போர்த்துக்கொண்டு படுப்பது. மூன்றாவதாக ஒரு வழியை எனக்குக் காட்டியவர் ஒரு சீன அம்மா.

நான் பொதி கட்டும் வேலை செய்த தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. குவாங்டொங் மாகாணத்துக்காரி. ஏஜென்சி மூலம் வந்த எங்கள் இருவருக்கும் வருத்தம் வந்து ஒரு நாள் நின்றால் அந்த நாள் சம்பளம் இல்லை. ஆகவே தும்மித் தும்மியே வேலை செய்வோம். ஒருநாள் நான் தும்மியதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குளிருதா, சுடுதா? வேர்க்குதா? மூக்காலை தண்ணியா ஓடுதா, மஞ்சளாத் தடிச்சு வருதா? தொண்டை நோகுதா?"

மருந்தின் பெயரைச் சொல்லாமல் ஏன் இவ்வளவு கேள்வி என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது, சீன வைத்தியத்தில் தடிமனுக்கு அந்தக் கேள்விகள்தான் அத்திவாரம்.

அவர்கள் கணக்கில் தடிமன் என்பது வெளியிலிருந்து "காற்று" உடம்புக்குள் புகுவது. புகும் வாசல் பிடரி. பிடரியில் உள்ள ஒரு அக்குபங்சர் புள்ளிக்குக் "காற்றுக் குளம்" என்றும், முதுகின் மேற்பக்கத்தில் உள்ள ஒன்றுக்குக் "காற்று வாசல்" என்றும் பெயர். பனிக்குள் போகும்போது காதையும் பிடரியையும் மூடி மஃப்ளர் கட்டச் சொன்ன எங்கள் அம்மாமாருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

அந்தக் காற்று குளிரோடு வந்தால் நடுக்கம், உடம்பு உளைவு, தண்ணீராய் ஓடும் மூக்கு. அதற்கு இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளை அடிப்பகுதி, கறுவா மாதிரிச் சூடான சாமான் கொடுத்து வேர்க்க வைப்பார்கள். காற்று சூட்டோடு வந்தால் காய்ச்சல், தொண்டை நோவு, தாகம், மஞ்சள் சளி. அதற்கு ஹனிசக்கிள் பூ, செவ்வந்திப் பூ, புதினா மாதிரிக் குளிர்ச்சியான சாமான். இதை மாறிக் கொடுத்தால் வருத்தம் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் வாதம் பித்தம் கபத்தோடு இது அப்படியே பொருந்தாது. ஆனால் "இது சூடு, அது குளிர்" என்று சாப்பாட்டைப் பிரித்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை அந்நியமும் இல்லை.

இதற்கெல்லாம் மூலநூல் ஏறக்குறைய 1800 வருடங்களுக்கு முன் சாங் சொங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிய "ஷாங்ஹான் லுன்". ஹான் அரசு உடைந்து, நாடு முழுக்கச் சண்டையும் இடப்பெயர்வும் கொள்ளைநோயுமாய்க் கிடந்த காலம். இருநூறுக்கும் அதிகமான தன் சொந்தங்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பத்து வருடத்துக்குள் செத்துப்போனதாக அதன் முன்னுரையில் சொல்கிறார். பெரும்பாலும் காய்ச்சலால். அதை வாசித்தபோது 1995 ஐப்பசி கடைசியில் கொட்டும் மழைக்குள் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த சனமும், பள்ளிக்கூட விறாந்தைகளில் காய்ச்சலோடு கிடந்த பிள்ளைகளும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சண்டைக்குப் பின்னாலேயே காய்ச்சலும் வரும் என்பது அந்த மனிசனுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த நூலில் உள்ள ஒரு குடிநீரில் கறுவாக் கொப்பு, வெண்பியோனி வேர், இஞ்சி, சீன இலந்தைப்பழம், அதிமதுரம் என்று ஐந்தே சரக்கு. எங்கள் நாட்டுக் கடையில் விற்கும் பஸ்பங்குவப் பக்கற்றிலும் ஐந்து! குடித்தபின் சுடச்சுடக் கஞ்சி குடித்து, போர்த்துக்கொண்டு இலேசாக வேர்க்க வேண்டும், வேர்த்து ஒழுகக் கூடாது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறது. 1798 இல் வூ ஜூதொங் என்பவர் சூட்டுக் காய்ச்சலுக்கு எழுதிய நூலில் "யின் சியாவ்" மருந்து வருகிறது. அதை எங்கள் கசாயம் மாதிரிச் சுண்டக் காய்ச்சக் கூடாது, மணம் எழும்பியவுடன் இறக்க வேண்டும்.

சரி, இது வேலை செய்யுமா? 2009 பன்றிக் காய்ச்சலின்போது சீனாவில் 410 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011 இல் வெளிவந்தது. எந்த மருந்தும் எடுக்காதவர்களைவிட மூலிகைக் குடிநீர் குடித்தவர்களுக்குக் காய்ச்சல் வேகமாக இறங்கியது. ஆனால் தாங்கள் என்ன குடிக்கிறோம் என்று நோயாளிகளுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு அது. சாதாரணத் தடிமனுக்கு உறுதியான ஆதாரம் இன்னும் போதாது. தடிமன் எப்படியும் ஒரு கிழமையில் தானாகப் போகும், பேர் மட்டும் மருந்துக்கு!

அந்த அம்மா ஒருநாள் என்னைத் தனக்குத் தெரிந்த மூலிகைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவர் நிறைய லாச்சி, மேசையில் சின்னத் தராசு. வைத்தியர் நாக்கைப் பார்த்தார், இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று இடத்தில் நாடி பார்த்தார். பிறகு "வேறை என்ன குளிசை எடுக்கிறீர்?" என்றார். பிரஷர் குளிசை என்றேன். உடனே கையை ஆட்டி, மா ஹுவாங் சேர்ந்த மருந்து உமக்குச் சரிவராது என்றார்.

மா ஹுவாங்தான் எஃபெட்ரின் எடுக்கிற செடி. 1885 இல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாயி அதைப் பிரித்தெடுத்தார். அது மூச்சுக்குழாயை விரிக்கும், கூடவே பிரஷரையும் நெஞ்சுத் துடிப்பையும் ஏற்றும். எஃபெட்ரா சேர்ந்த சத்துமாத்திரைகளை அமெரிக்கா 2004 இல் தடை செய்தது. அதிமதுரமும் அளவுக்கு மிஞ்சினால் பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். "மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை" என்று சொல்லுற எங்கட ஆக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும். பக்கவிளைவே இல்லாத சாமானுக்கு விளைவு மட்டும் எங்கிருந்து வரும்? எங்கட ஐயாமார் அம்மாமாரில் எத்தனை பேர் பிரஷர், சீனி, இரத்தம் கட்டியாகாமல் இருக்க என்று மூன்று நாலு குளிசையோடு இருக்கிறார்கள்!

ஆகவே என் கருத்து இதுதான். இஞ்சித் தண்ணி, கஞ்சி, மல்லி, நல்ல போர்வை எல்லாம் தாராளமாக. கடையில் டப்பாவில் வாங்கினால் கனடிய எட்டு இலக்க என்.பி.என் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியரிடம் போனால் பதிவு பெற்றவரிடம் போங்கள், ஒன்ராறியோவில் 2013 முதல் அதற்குச் சட்டபூர்வமான கல்லூரி இருக்கிறது. எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். ஃபுளூ ஊசி 2000 ஆம் ஆண்டிலிருந்து இங்கே இலவசம், வயதுபோனவர்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், ஆள் தடுமாறினால் எந்தக் குடிநீரையும் அடுப்பில் வைக்காமல் 911 ஐ அழையுங்கள்.

இன்னொன்று. இரண்டாயிரம் வருடமாக எல்லா வைத்தியரும் எழுதிவைத்த ஒரே மருந்து ஓய்வு. அதை வாங்கத்தான் எங்களிடம் காசில்லை. படுத்தால் சம்பளம் வெட்டுகிற வேலைத்தலத்தில் ஒருவருக்கு வந்த தடிமன் இருபது பேருக்கு வரும். வருத்தத்துக்குச் சம்பளத்தோடு லீவு கேட்கிற கையெழுத்துத் தாள் உங்கள் வேலையிடத்துக்கு வந்தால், தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.