புலுனியும் தெமளிச்சாவும்

பறவைகளைத் தேடிக் காட்டுக்குச் செல்வது பணமும் ஓய்வும் உடையோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்திலே தோட்டத் துரைமாரும் படையதிகாரிகளுமே துப்பாக்கியும் தொலைநோக்கியும் ஏந்தி இந்நாட்டின் பறவைகளை வகைப்படுத்தினர். ஆயினும் 1880இல் நிறைவுற்ற லெக்கின் பெருநூலைப் புரட்டுவோர் ஒன்றைக் காண்பர். பல பறவைகளுக்குச் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அவர் குறித்து வைத்தார். அப்பெயர்களைப் படைத்தவர் யார்? வயலிலும் சேனையிலும் காட்டோரத்திலும் உழைத்த மக்களே. சென்ற பங்குனியிலே ஆசிரியர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலருமாக நாம் சிங்கராஜ வனத்திற் கழித்த ஒரு நாள், இவ்வுண்மையை எமக்கு நன்கு உணர்த்தியது.

இரத்தினபுரி மாவட்டத்திலே, கலவானைக்கு அப்பாலுள்ள குடாவ வாயிலால் உள்ளே நுழைந்தோம். வழிகாட்டி ஒருவர் உடன்வர வேண்டும் என்பது விதி. எமக்கு வாய்த்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க கிராமத்தவர். மாணவர் அவரை ‘மாமா’ என்றழைத்தனர். இரு மொழிக்கும் பொதுவான அச்சொல் அன்று எமக்குப் பெரிதும் கைகொடுத்தது. அட்டைக்கு அஞ்சி நாம் முழங்கால்வரை துணியுறை கட்டியிருக்க, அவரோ இறப்பர்ச் செருப்போடு முன்னே நடந்தார்.

நாம் நடந்த அகன்ற பாதைக்கு ஒரு வரலாறுண்டு. அது பறவை பார்ப்போருக்காக வெட்டப்பட்டதன்று. மரம் ஏற்றும் லொறிகளுக்காக வெட்டப்பட்டது. 1970களின் தொடக்கத்திலே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் தேவைக்காக இக்காட்டில் இயந்திரங்கள் கொண்டு மரந்தறிக்கத் தொடங்கினர். அறிவியலாளரும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இவ்வனத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இவ்வெற்றியை நாம் மாணவருக்குப் பெருமையோடு எடுத்துக் கூறியபோது வழிகாட்டி அமைதியாகக் கேட்டு நின்றார். பின்னர், தம் தந்தையார் அந்த லொறிகளிலே மரமேற்றிக் கூலி பெற்றவர் என்றும், தறிப்பு நின்றபோது அக்கூலியும் நின்றது என்றும் சொன்னார். காடு காக்கப்பட்டதை அவர் குறைகூறவில்லை. ஆனால் அதைக் காத்ததற்கான விலையிற் பெரும்பங்கைக் காட்டோரத்துக் குடிசைகளே கொடுத்தன என்பதை எமது பாடநூல்கள் கூறுவதில்லை. மழை தொடங்கியதும் பார்வையாளர் வரவு குறைந்துவிடும். அப்போது கித்துள் மரத்துப் பாணியும் கருப்பட்டியுமே அவர் குடும்பத்தைத் தாங்குகின்றன.

பாதையின் திருப்பமொன்றில் அவர் கையுயர்த்தி எம்மை நிறுத்தினார். எமக்கு ஒன்றும் புலப்படவில்லை. சிறிது நேரத்தில் மரக்கிளைகள் உயிர்பெற்றாற்போல அசைந்தன. பல இனப் பறவைகள் ஒன்றுகூடி இரைதேடிச் செல்லும் கூட்டம் அது. பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடன் பணியாற்றியோரும் 1980களின் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்த காட்சி இதுவே. ஒரு கூட்டத்திற் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் நாற்பதளவு பறவைகளும் இருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிபு. கொண்டையுள்ள கரிக்குருவியொன்று உயர்ந்த கிளையிலமர்ந்து வேறு பறவைகளின் குரல்களை ஒவ்வொன்றாக எழுப்பியது. இப்போலிக்குரல் ஏனைய இனங்களைக் கூட்டத்துக்கு அழைக்கின்றது என்பதை ஒலிப்பதிவு கொண்டு செய்த சோதனைகள் 2006இல் உறுதிப்படுத்தின. வல்லூறு வந்தால் எச்சரிப்பதும் கரிக்குருவியே. அதற்குக் கூலியும் உண்டு: மற்றவை இலைகளைக் கிளறும்போது பறக்கும் பூச்சிகளை அது பிடித்துண்கின்றது.

அக்கூட்டத்திலே எண்ணிக்கையால் மிக்கிருந்தவை செம்மஞ்சள் அலகுடைய செந்நிறப் பறவைகள். எம்மூர் வேலிகளிலே கத்தித் திரியும் புலுனிக்கு அவை நெருங்கிய உறவு. பெயரென்ன என்று நண்பரொருவர் கேட்டார். “ரத்து தெமளிச்சா” என்ற வழிகாட்டி, எம் முகங்களை நோக்கிச் சற்றே தயங்கினார். ‘தெமள’ என்றால் தமிழ் என்பது எமக்கும் தெரியும். எமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு மாணவி சிரித்துக்கொண்டே, “மாமா, எங்கள் ஊரில் இதன் இனத்தவரைப் புலுனி என்போம், ஓயாமற் பேசுவோரையும் அப்படித்தான் சொல்வோம்” என்றாள். அவர் ‘புலுனி, புலுனி’ என்று இருமுறை சொல்லிப் பார்த்தார். பின்பு கூறினார்: “இவை தனித்திருப்பதில்லை. இவை இல்லாவிட்டாற் கூட்டமே இல்லை.”

அப்பெயரில் ஒருகாலத்து ஏளனம் ஒளிந்திருக்கலாம். ஆனால் அன்று அச்சொல் இரு மக்களிடையே நாணமின்றிப் பேசப்பட்டது. மேடைகளிலே இன ஒற்றுமை பற்றி நாம் கேட்ட பேச்சுகள் பல. அவற்றுள் இத்தனை பயன் தந்தவை சிலவே.

மாலை ஆறு மணியளவில், கிராமத்துத் தோட்டமொன்றின் புதரிலிருந்து இருகூறான கூவலொன்று எழுந்தது. ‘அவிச்சியா’ என்றார் அவர். ஆறுமணிக் குருவி என்றோம் நாம். காலை மாலைகளில் ஏறக்குறைய அந்நேரத்திற் கூவுவதால் அமைந்த பெயர் அது. நேரம் பார்த்து வேலைக்குச் சென்று மீண்ட மக்களின் செவியிற் பிறந்த பெயர். இந்தியாவிலே வசந்தம் முதிரும்போது அக்குருவி இங்கிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து, அங்குள்ள காடுகளிற் கூடு கட்டும். மழைக்காலம் கழிந்தபின் மீளும். உலகப் பறவையியல் வழங்கும் ‘மல்கோஹா’ என்ற சொல்லும் இவ்வாறே சிங்கள மக்களின் வாயிலிருந்து சென்றதாகும்.

தமிழ் கற்பிக்கும் எம்போன்றோர் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. குறுந்தொகையிலே, ஆறலைகள்வர் இருப்பதை வழிச்செல்வோருக்குத் தன் குரலால் உணர்த்தும் கணந்துள் வருகின்றது. கரிக்குருவியின் எச்சரிக்கையைக் கேட்ட எவர்க்கும் அப்புலவனின் செவிநுட்பம் விளங்கும. வகுப்பறையிலோ கணந்துள் ‘ஒருவகைப் பறவை’ என்ற பொருளுரையோடு முடிந்துவிடுகின்றது. வாழ்விலிருந்து பிறந்த இலக்கியத்தை வாழ்விலிருந்து பிரித்துக் கற்பிக்கும் முறைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்குறையைப் போக்கப் பெருஞ்செலவு வேண்டாம், தொலைநோக்கியும் கட்டாயமன்று. பாடசாலை தோறும் ஒரு குறிப்பேடு போதும். வேலியிலும் குளக்கரையிலும் காணும் பறவையின் பெயரைக் கமக்காரரிடமும் கடற்றொழிலாளரிடமும் தோட்டத் தொழிலாளரிடமும் கேட்டு மாணவர் எழுதட்டும். அருகே சிங்களப் பெயரையும் எழுதட்டும். எம் மாணவரின் ஏட்டில் முதற்பக்கத்திலே புலுனியும் தெமளிச்சாவும் ஒரே வரியில் இடம்பெற்றுள்ளன. ஏனைய பக்கங்கள் நிரம்பவேண்டும்.