தெரிந்த ஆபத்து

சிவகாசியில் எனக்கு ஓர் அண்ணாச்சி உண்டு. உடன்பிறந்தவர் அல்ல. விருதுநகர்ச் சீமையில் நம்மைவிட நாலு வயது மூத்தவர் எவரும் அண்ணாச்சிதான். சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பார். ஆடி பிறந்தால் காலண்டர் வேலை. ஆடிப் பெருக்கன்று புது வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். ஒரு வருஷம் அந்த ஆல்பத்தில் நீலக் கடலும் வெள்ளைக் கப்பலுமாக ஒரு படம் வந்தது. மதினி அதைச் சமையற்கட்டில் மாட்டினார். வருஷம் முடிந்து தேதித் தாள்கள் தீர்ந்த பிறகும் அட்டை மட்டும் இறங்கவில்லை.

காரணம் இருந்தது. மதினியின் தாத்தா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். காலரா, பிளேக் பயத்தினால் தோட்டத் தொழிலாளிகளை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்திவைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றுவார்கள். அந்த முகாமைப் பற்றித் தாத்தா கதை கதையாகச் சொல்லுவாராம். கப்பலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். "எனக்கு அந்த மிச்சக் கதை வேணும்" என்பார் மதினி.

அண்ணாச்சிக்கு 2020 ஏப்ரலில் அறுபதாம் கல்யாணம். அது முடிந்த கையோடு சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கு, லங்காவி பார்த்துத் திரும்புவதாக ஏற்பாடு. முந்தின நவம்பரிலேயே பணம் கட்டியாகிவிட்டது.

பிப்ரவரி 3-ஆம் தேதி 'டைமண்ட் பிரின்ஸஸ்' என்ற உல்லாசக் கப்பல் ஜப்பானில் யோகஹாமாவுக்கு வந்து சேர்ந்தது. அதில் 3,711 பேர். ஹாங்காங்கில் இறங்கிப் போன ஒரு பயணிக்குக் கொரோனா என்று தெரிந்ததால், கப்பலில் இருந்தவர்களை இறங்க விடவில்லை. கடைசிக் கணக்கில் 712 பேருக்கு நோய் கண்டது. அந்தக் கப்பலில் 138 இந்தியர்கள். ஆறு பேர் தவிர மற்றவரெல்லாம் கப்பல் சிப்பந்திகள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். பயணிகள் அறைக்குள் அடைந்து கிடக்க, இவர்கள் வாசல் வாசலாகச் சாப்பாடு கொண்டு கொடுத்தார்கள். 27-ஆம் தேதிதான் 119 இந்தியர்களை விமானத்தில் டில்லிக்குக் கொண்டு வந்தார்கள்.

நடுவில் ஒரு நாள் அண்ணாச்சி என்னிடம் யோசனை கேட்டார். "ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்களேன், கவலை விட்டது" என்றேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கே எடுத்துவிட்டார்.

மார்ச் 22-ஆம் தேதி வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25-ஆம் தேதி நாடே அடைபட்டது. கப்பல் கம்பெனி பணத்துக்குப் பதிலாகப் 'பிறகு வரலாம்' என்று ஒரு வரவுச் சீட்டு அனுப்பியது. 2021 முடியும் வரை செல்லும் சீட்டு. அதுவரை சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கப்பல்களோ எந்தத் துறைமுகத்தையும் தொடாமல், அவ்வூர்வாசிகளை மட்டும் ஏற்றிக் கொண்டு கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பின. இன்ஷூரன்ஸ் கம்பெனியோ இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டது.

ஊரடங்கு தளர்ந்ததும் அண்ணாச்சி பாலிஸியைத் தூக்கிக் கொண்டு விருதுநகருக்கு வந்தார். "நீங்க எழுதுறவரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

நாவலில் முதல் அத்தியாயத்தில் கதாநாயகனைக் காட்டிவிட வேண்டும் என்பார்கள். பாலிஸியில் அவன் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறான். பெட்டி தொலைந்தால் உண்டு; கால் ஒடிந்தால் உண்டு. கொள்ளை நோய்க்கு இல்லை. அரசாங்கம் பயணத்தைத் தடை செய்தால் இல்லை. பாலிஸி எடுத்த அன்று ஏற்கெனவே 'தெரிந்த' சம்பவத்தால் வரும் நஷ்டத்துக்கும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் ஜனவரி 30-ஆம் தேதியே நெருக்கடியை அறிவித்துவிட்டது. அண்ணாச்சி எடுத்தது பிப்ரவரியில். பணம் கட்டிய நவம்பரிலேயே எடுத்திருந்தால் 'தெரிந்த சம்பவம்' என்ற ஒரு முட்டுக்கட்டையாவது விலகியிருக்கும். கப்பலுக்குப் பணம் கட்டுகிற நாளிலேயே பாலிஸியும் எடுத்துவிட வேண்டும் என்பது நான் தாமதமாகக் கற்ற பாடம். மற்ற இரண்டு முட்டுக்கட்டைகள் அப்போதும் இருந்திருக்கும்.

"தெரிஞ்ச ஆபத்துக்கு இல்லையா? எங்க ஊர்ல பட்டாசு ஆலை வெடிக்கும்னு யாருக்குத் தெரியாது? 2012-ல முதலிப்பட்டியில 30 பேருக்கு மேல போனாங்களே! அதுக்குப் பொறவும் பாலிஸி கொடுக்கான்ல?"

கொடுக்கிறார்கள். போபாலுக்குப் பின், ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகள் பாலிஸி எடுத்தே ஆக வேண்டும் என்று 1991-இல் சட்டமே வந்தது. மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதிகளும் இருக்கின்றன. "ஆனால் தீப்பற்றிய பிறகு போய்க் கேட்டால் தருவானா, அண்ணாச்சி?" என்றேன்.

"தீ யோகஹாமாவுல. நான் சிவகாசியில."

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் இருந்த புத்தகங்களைப் புரட்டினேன். லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக் கடையில் 17-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த வியாபாரம் இந்தக் கப்பல் இன்ஷூரன்ஸ். அதில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. நமது 1963-ஆம் வருஷத்துக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டத்திலும் இருக்கிறது. கையெழுத்தாகும்போதே கப்பல் முழுகிப் போயிருந்தாலும் பாலிஸி செல்லும்படி எழுதிக் கொள்ளலாம். எடுப்பவருக்குச் சேதி தெரிந்து, கொடுப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் மட்டும் செல்லாது. அதெல்லாம் கப்பலுக்கும் சரக்குக்கும் ஏற்பட்டது. காலண்டர் அடிக்கிறவரின் உல்லாசப் பயணத்துக்கு அல்ல. இருந்தாலும் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அவர் உடனே பிடித்துக் கொண்டார். "எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு வித்தான்?"

அந்த ஒரு வரியை அப்படியே மனுவாக எழுதிக் கொடுத்தேன். பிரீமியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக் கொண்டு மிச்சத்தைத் திருப்பினார்கள். கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

2022 ஜூன் 4-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். அதே கப்பல் ஜனவரியில் கோவா போனபோது 66 பேருக்குக் கொரோனா கண்டு, மும்பைக்குத் திரும்பியிருந்தது. இதையும் அண்ணாச்சி படித்திருந்தார். ஆனாலும் டிக்கெட்டும் பாலிஸியும் ஒரே தேதியில் வாங்கி, மதினியையும் கூட்டிக் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

"கப்பல்ல ஏறின பொறவு காய்ச்சல் வந்தா?" என்று கேட்டார் மதினி.

"அதற்கு உண்டு, மதினி. வைத்தியச் செலவு, கரைக்குக் கொண்டு வருகிற செலவு எல்லாம் உண்டு."

"பயந்துக்கிட்டு ஏறாமலே இருந்துட்டா?"

"அதற்கு இல்லை."

"அப்ப ஏறிர வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, கப்பலில் இட்லி கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.