டைட்டிலில் வராத வயலின்கள்

வி.சி.கணேசன் என்ற பெயரில் இருக்கும் 'வி' விழுப்புரம். சிவாஜி பிறந்த ஊர் அது. (தஞ்சாவூர்க்காரர்கள் அவர் எங்கள் மண் என்று சண்டைக்கு வரலாம். பூர்வீகம் அந்தப் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இனிஷியல் விழுப்புரத்துக்கு.) ஒரே ஓர் எழுத்துதான். ஆனாலும் அது ஊரை வரலாற்றில் உட்கார வைத்துவிட்டது. இனிஷியல்கூட கிடைக்காமல் போனவர்கள் சிலர் அதே சிவாஜியின் படத்தில் இருக்கிறார்கள். படத்தின் பெயர் 'புதிய பறவை'.

1964-ல் சிவாஜி பிலிம்ஸ் கலரில் எடுத்த படம். இயக்கம் தாதா மிராசி, பாடல்கள் கண்ணதாசன், இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி, குரல்கள் டி.எம்.எஸ்., பி.சுசீலா. இதுவரை எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாடல்களை ஒரு தொகுப்பாக, ஒரு ஆல்பமாக உட்கார்ந்து கேட்டால் வேறொன்று தெரியும். தமிழில் 'ஜாஸ் வோக்கல் ஆல்பம்' என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வரக்கூடியது இதுதான்.

ஜாஸ் வோக்கல் ஆல்பம் என்றால்? அமெரிக்காவில் 1920-லிருந்து 1940-கள் வரை பிராட்வே நாடகங்களுக்கும் சினிமாக்களுக்கும் எழுதப்பட்ட பாட்டுகள் ஏராளம். நாடகம் மறந்துபோகும், பாட்டு நிற்கும். அப்படி நின்றவைக்கு 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்று பெயர். பிறகு வந்த பாடகர்கள் அவற்றை எடுத்து, புது வாத்திய அமைப்போடு தங்கள் பாணியில் பாடினார்கள். ஃபிராங்க் சினாட்ராவின் 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' (1955), எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் கோல் போர்ட்டர் தொகுப்பு (1956), பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' (1958) எல்லாம் அந்த வகை. ஹாலிடே அந்தத் தொகுப்பு வந்த அடுத்த வருஷமே, 44 வயதில் இறந்துவிட்டார். உடைந்துபோன குரலுக்குப் பின்னால் பட்டு விரித்த மாதிரி வயலின்கள். அந்த முரண்தான் அந்த ஆல்பம்.

அந்த ஆல்பத்தின் அட்டையில் பில்லி ஹாலிடே பெயருக்குக் கீழே ரே எல்லிஸ் என்று இன்னொரு பெயர் இருக்கிறது. அவர் பாடவில்லை, பாட்டு எழுதவில்லை, மெட்டும் போடவில்லை. எந்த இடத்தில் வயலின் நுழையலாம், எங்கே விலகலாம், எங்கே எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தவர். அரேஞ்சர். சினாட்ராவுக்கு அந்த வேலையைச் செய்தவர் நெல்சன் ரிடில். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, 1983-ல், லிண்டா ரான்ஸ்டாட் என்ற ராக் பாடகி பழைய பாட்டுகளைப் பாட ஆசைப்பட்டபோது தேடிப் போனது அதே நெல்சன் ரிடிலைத்தான். பெயர் அட்டையில் இருந்தது, அதனால் ஆளைத் தேட முடிந்தது.

சரி, இப்போது நம் கதைக்கு வருவோம்.

'பார்த்த ஞாபகம் இல்லையோ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளப்பில் சௌகார் ஜானகி பாட, சிகரெட்டும் கையுமாக சிவாஜி உட்கார்ந்திருப்பார். லத்தீன் அமெரிக்கத் தாளம். டீன் மார்ட்டின் 1954-ல் பாடிய 'ஸ்வே' பாட்டோடு பலரும் இதை ஒப்பிடுவதுண்டு. சுசீலா இதில் குரலை உயர்த்தவே மாட்டார். காதுக்குப் பக்கத்தில் பேசுவதுபோலப் பாடுவார். மைக் இருப்பதால் மட்டுமே சாத்தியமாகும் பாட்டு இது. ஜாஸ் பாடகிகள் கண்டுபிடித்ததும் அதைத்தான்.

இதே மெட்டு படத்தில் சோகமாக இன்னொரு முறை வரும். மெட்டு அதேதான், குரலும் அதேதான். முதல் முறை அந்தக் கேள்வி கொஞ்சல். இரண்டாவது முறை அதே கேள்வி குற்றச்சாட்டு, கேட்பவன் மனைவியை இழந்த கதையை மறைத்து வைத்திருப்பவன் என்பதால். (60 வருஷம் தாண்டிய படத்துக்கு சஸ்பென்ஸை உடைத்தாய் என்று யாரும் கோபிக்கக் கூடாது.) கொஞ்சலைக் குற்றச்சாட்டாக மாற்றியதில் வேகத்துக்கும் சுற்றி நிற்கும் வாத்தியங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 'எங்கே நிம்மதி' பாட்டில் டி.எம்.எஸ். குரலைத் துரத்திக்கொண்டு வரும் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒரு மனிதன் புலம்புகிறான் என்பதோடு நின்றுவிடும்.

அந்த வயலின்களை வாசித்தது யார்?

பதில் சுலபமாகக் கிடைக்காது. ரெக்கார்டின் நடுவட்டத்தில் படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர், கவிஞர். அத்தோடு இடம் தீர்ந்துவிடும். அந்தக் காலப் படங்களின் டைட்டிலில் 'உதவி' என்று ஓரிரு பெயர்கள் ஓடும். மெல்லிசை மன்னர்களிடம் உதவியாளர்களாக இருந்த ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றவர்கள் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனவர்கள். டிரம்ஸ் நோயல் கிராண்ட், அக்கார்டியன் மங்களமூர்த்தி என்று சில பெயர்கள் ரசிகர்களின் பேச்சில் பிழைத்திருக்கின்றன. மற்றபடி 'வாத்தியக் குழு'.

இதைச் சொல்வதால் மெல்லிசை மன்னர்களின் புகழில் ஒரு கைப்பிடிகூடக் குறையாது. ராமமூர்த்தியே வயலின்காரர். எந்த நரம்பு எங்கே அழும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருவரும் பிரிந்தது 1965-ல். ராமமூர்த்தி 2013-லும் எம்.எஸ்.வி. 2015-லும் மறைந்தார்கள். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அவர்களுக்குப் பாராட்டு விழாக்கள் நடந்தன. பின்வரிசை நாற்காலியில் இருந்தவர்களின் கணக்கைத்தான் யாரும் எழுதவில்லை.

இதெல்லாம் கோடம்பாக்கத்துச் சங்கதி, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் இதன் பாரம் வந்து விழுவது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கும் திருவிழா மேடைகளில்தான். ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்த ராத்திரி, பங்குனி உத்திரத்துக்கு மயிலம் பக்கம், அப்புறம் கல்யாண வரவேற்பு. அமெரிக்காவில் 'ஸ்டாண்டர்ட்ஸ்' ஆல்பம் செய்த வேலையை இங்கே செய்வது மெல்லிசைக் குழுதான். பழைய பாட்டை எடுத்து, இன்னொருவர் குரலில், இன்னொரு முறை. ஒரே வித்தியாசம், அங்கே மாற்றிப் பாடினால் கைதட்டல். இங்கே மாற்றிப் பாடினால், 'ஒரிஜினல் மாதிரி இல்லியே' என்று முன்வரிசைப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

திண்டிவனத்தில் அப்படி ஒரு குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர் இருக்கிறார். பகலில் செல்போன் ரிப்பேர். ராத்திரி அவர் ஒருவரே வயலின் கூட்டம், சாக்ஸஃபோன், பியானோ எல்லாம். இடது கைக்கு ஸ்ட்ரிங்ஸ், வலது கைக்கு மற்றது, கை மாற்றும் இடத்தில் ஒரு பட்டன். 'பார்த்த ஞாபகம் இல்லையோ' பாட்டின் நோட்ஸ் கடையில் கிடைக்காது. ஹெட்போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, பள்ளிக்கூட நோட்டில் தமிழில் ஸ்வரம் எழுதி வைத்திருக்கிறார். பாடும் பெண்ணிடம் ஒத்திகையில் அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அவசரப்படாதம்மா, வயலின் முடியட்டும், அப்புறம் நீ வா."

அவருக்கு அந்த வயலின்காரர் ஒருவரையும் தெரியாது. ஆனால் அந்த ஆள் எங்கே மூச்சு விட்டார் என்பது வரை தெரியும். 1964-ல் யாரோ ஒருவர் காகிதத்தில் எழுதியதை, காகிதம் கிடைக்காமல், காதால் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். இது எவ்வளவு பெரிய உழைப்பு, இல்லையா? அந்த ஸ்கோர் பத்திரமாக இருந்து, அச்சாகிக் கிடைத்திருந்தால் ஒரு வார வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். இப்போது அவருக்கும் போட்டி வந்துவிட்டது. கரோக்கி டிராக்கைப் போட்டுவிட்டுப் பாடினால் கீபோர்டுக்காரருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். விழாக் கமிட்டிக்கு லாபம். ஆக, 1964-ல் பெயர் இல்லாமல் வாசித்தவரின் வாரிசும் பெயர் இல்லாமலே வீட்டுக்குப் போகிறார்.

பெயர் போடாதது மரியாதைக் குறைவு மட்டும்தானே என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அது பணக் குறைவும்கூட. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் இசையை நிகழ்த்துபவர்களுக்கு என்று தனி உரிமை வந்ததே 1994 திருத்தத்தில்தான். 2012-ல் இன்னொரு திருத்தம். பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோரின் ராயல்டிக்கு அது வலு சேர்த்தது, நல்ல விஷயம். ஆனால் அதே திருத்தத்தில் ஒரு சின்ன வரி உண்டு. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணைக்கு வருவதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கும் பெயர் வராதவர் என்றால், அவர் 'நிகழ்த்துபவர்' கணக்கில் வர மாட்டார். கௌரவம் சம்பந்தப்பட்ட ஓர் உரிமை மட்டும் மிஞ்சும், காசு கிடையாது. டைட்டிலில் பெயர் இருந்தால் கேட்க ஒரு வழி, இல்லையென்றால் முதல் படியிலேயே கதவு சாத்தப்படலாம்.

இன்னும் ஒரு கணக்கு பாருங்கள். ஒலிப்பதிவுக்கு உரிமை 60 வருஷம். 1964-ல் வெளியான ரெக்கார்டுக்கு அது 2024 கடைசியோடு முடிந்துவிட்டது. கண்ணதாசன் 1981-ல் மறைந்தார், ஆகவே வரிகளுக்கு 2041 வரை. மெட்டுக்கு, எம்.எஸ்.வி. மறைந்த 2015-லிருந்து எண்ணினால், 2075 வரை. எல்லாத் தலைப்பிலும் ஒரு வருஷம் எழுதியாகிவிட்டது. வாசித்தவர் என்ற தலைப்பில் மட்டும் முடியும் தேதி இல்லை, ஏனென்றால் கணக்கு தொடங்கவே இல்லை. அன்றைய கால்ஷீட் காசோடு பைசல்.

நடுவில் நிலைமை கொஞ்சம் மாறியது உண்மை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) வந்தபோது வயலின் வாசித்தது வி.எஸ்.நரசிம்மன் என்று ஊருக்கே தெரிந்தது. ரஹ்மான் வந்த பிறகு கேசட், சி.டி. அட்டையில் புல்லாங்குழல் யார், கிட்டார் யார் என்று பொடி எழுத்தில் அச்சானது. அதைப் படித்தே நவீனின் புல்லாங்குழலை அடையாளம் கண்டவர்கள் பலர். இன்று பாட்டு செயலியில் வருகிறது. அட்டை போய்விட்டது. பெரும்பாலும் மறுபடி அதே மூன்று பெயர்கள். சுற்றிச் சுற்றி 1964-க்கே வந்துவிட்டோம், ஒலி மட்டும் துல்லியமாகிவிட்டது.

சட்டத்தைத் திருத்துவது பெரியவர்கள் வேலை. சின்ன வேலை ஒன்று எல்லோராலும் முடியும். அந்த வாத்தியக் குழுக்களில் இருந்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டி. சிலர் வீட்டில் பரண்மேல் பழைய நோட்டேஷன் கட்டு இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து, 'தாத்தா, நீங்க எந்தப் பாட்டுக்கு வாசிச்சீங்க?' என்று கேட்டு, பெயரோடும் வருஷத்தோடும் எழுதி வையுங்கள். ராயல்டி வராது. ஆனால் திண்டிவனத்து மேடையில் அறிவிப்பாளர் 'பாடியவர், எழுதியவர், இசை' என்று மூன்று பெயர் படித்து நிறுத்தும் இடத்தில், நான்காவதாகப் படிக்க ஒரு பெயராவது இருக்கும்.